கவ்போய் எட்வேட்டின் குதிரை

போன வருடத்துக்கு முந்திய வருடம், செப்டெம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றின் பின்னேரம், கவ்போய் எட்வேட்டின் குதிரை லண்டன் மனோர் பார்க் மண்டபத்துக்குள் நுழைந்து, மேடையில் ஏறி, எட்வேட்டைக் கடந்து போய், அவருடைய நண்பர் யோகராஜாவின் தோளில் தலையைச் சாய்த்து நின்றது. ஒலிபெருக்கியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது எட்வேட்டின் வாழ்நாளின் முதலாவது இசைத்தட்டான 'கல்வேலி'யின் முதற்பாட்டு. எட்வேட் பொன்னாடைகளைச் சுமந்தபடி நடுக்கதிரையில் இருந்தார். குதிரை வந்ததில் எவருக்கும் வியப்பில்லை. முப்பது வருடமாக வந்துபோகிற குதிரை அது. மண்டபக்காரர் முன்யோசனையாக வாசலில் இறப்பர் விரிப்பும் போட்டு வைத்திருந்தார். அது யாரிடம் போய் நின்றது என்பதுதான் விஷயம். பின்வரிசையில் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கடித்த கடியோடு நிறுத்திவிட்டார்கள்.

எட்வேட் யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவைச் சேர்ந்த கத்தோலிக்கர். எண்பதுகளின் நடுவில் அகதியாக லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து, பிறகு வால்தம்ஸ்டோவில் பத்திரிகைக் கடையொன்றை எடுத்து, கால் வீங்க வீங்க அதில் நின்று, ஓய்வு வயதில் அதை விற்றவர். இதில் ஒரு புதினமும் இல்லை, லண்டனில் பாதித் தமிழரின் கதை இதுதான். புதினம் அவருடைய பாட்டில் இருந்தது. சிறுவயதில் வானொலியின் ஆங்கிலச் சேவையில் கேட்ட அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள், மாடு மேய்ப்பவனும் லொறி ஓட்டுபவனும் பெண்சாதி விட்டுப்போனவனும் கிற்றாரை வைத்துக்கொண்டு முறையிடும் அந்தக் 'கன்ட்ரி' பாட்டுகள், அவருக்குள் புகுந்து பிறகு வெளியேறவில்லை. அதே மெட்டில் அவர் தமிழில் எழுதினார். கடையின் குளிர்ப்பெட்டி பழுதானதைப் பற்றி ஒரு பாட்டு, மனைவி இம்மாகுலேற்றின் கோபத்தைப் பற்றி இரண்டு பாட்டு, நெடுந்தீவில் கல்லின்மேல் கல்லாகச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகளைப் பற்றி ஒரு நீண்ட பாட்டு. ரொம்ஃபோட் சந்தையில் வாங்கிய அகலத் தொப்பியோடு கலியாண வீடுகளிலும் பங்கு விழாக்களிலும் இவற்றைப் பாடினார். மற்றப் பாடகர்கள் பாடினால் சனம் ஆடியது. எட்வேட் பாடினால் சனம் எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போனது. 'கவ்போய்' என்ற பட்டம் நக்கலாகத்தான் வைக்கப்பட்டது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, வால்தம்ஸ்டோவில் ஒரு கலியாண வரவேற்பில், கல்வேலிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குதிரை வந்தது. மட்டக் குதிரை, மண்ணிறம், ஒரு காது கிழிந்திருந்தது, வயிற்றடியில் கடற்பாசி ஒட்டியிருந்தது. மேடைக்கு முன்னால் வந்து நின்று, பாட்டு முடியும்வரை கேட்டு, முடிந்ததும் திரும்பிப் போனது. பின்னால் போய்ப் பார்த்தவர்கள், கார் தரிப்பிடத்தின் கடைசியில் ஈரத் தடம் இருந்தது, குதிரை இல்லை என்றார்கள். அங்கிருந்த நெடுந்தீவார் அதை உடனே இனங்கண்டார்கள். தீவின் தெற்கு வெளியில் ஒல்லாந்தர் காலந்தொட்டு ஆளில்லாமல் திரியும் குதிரைகளில் ஒன்றுதான் அது. இத்தனை கடலை எப்படித் தாண்டியது என்று எவரும் கேட்கவில்லை. தாங்கள் எப்படித் தாண்டி வந்தோம் என்பதையே அங்கிருந்த பலர் முழுதாகச் சொல்லமாட்டார்கள்.

அதன்பிறகு எட்வேட் மனமொன்றிப் பாடிய இடமெல்லாம் குதிரை வந்தது. மனம் வேறெங்கோ இருக்க, வாய் மட்டும் பாடிய நாட்களில் வரவில்லை, அதனால் அவரால் ஏமாற்றவும் முடியவில்லை. மண்டபங்களை வாடகைக்கு விடுபவர்கள் 'குதிரையோடையோ, குதிரை இல்லாமலோ?' என்று கேட்டுப் பழகினார்கள். மிருக நலச் சங்கத்துப் பெண் ஒருத்தி வந்து பல்லைப் பார்த்து, குளம்பைப் பார்த்து, சுகமாக இருக்கிறது, உரிமையாளர் யார் என்று விசாரித்தாள். பாட்டு என்று சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டு போனாள். பங்குத் தந்தை இதுபற்றித் திருச்சபைச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்றார். முருகன் கோயில்காரர், கலை நிகழ்ச்சிக்கு வரட்டும், செருப்பு வைக்கும் இடத்தோடு நிற்கட்டும் என்றார்கள். பூப்புநீராட்டு விழாவான சாமத்திய வீட்டுக்கு மகளை அதன் முதுகில் ஏற்றி மண்டபத்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்ட ஈஸ்ட்ஹாம் தகப்பன் ஒருவரைக் குதிரை உதைக்கவில்லை, கடிக்கவில்லை, ஒருமுறை பார்த்தது. அவர் பிறகு வாடகை ஹெலிகொப்டருக்கே சொல்லிவிட்டார். இப்படியாக நக்கலாக வைத்த பட்டம் மரியாதையாக மாறியது. எட்வேட் பாடினால் ஒருவரும் சாப்பாட்டுக்கு எழும்புவதில்லை.

யோகராஜா அவருடைய பக்கத்தில் எப்போதும் நின்றார். கொக்குவில்காரர், மனோர் பார்க்கில் சேர்ச் றோட்டுக்கு அடுத்த தெருவில் வீடு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். எட்வேட்டோடு பெற்றோல் நிலையத்தில் ஒரே ஷிப்டில் நின்ற நாளில் தொடங்கிய நட்பு. கிற்றார் வாசிப்பார், இரண்டாம் குரல் பாடுவார். குரலும் நல்ல குரல்தான், அதைச் சொல்லத்தான் ஒருவருக்கும் நினைவு வருவதில்லை. ஒருமுறை எட்வேட் காய்ச்சலில் படுத்துவிட, குறொய்டன் கலியாணமொன்றில் யோகராஜா தனியாகப் பாடினார். குதிரை வரவில்லை. பெண்ணின் தாய்மாமன் வந்து, "அண்ணை, குதிரை இண்டைக்கு லீவோ?" என்று கேட்க, அவரும் சேர்ந்து சிரித்தார். எல்லாருக்கும் முதல் சிரித்தவர் அவர்தான்.

இனி ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மவர்கள் கெட்ட செய்தியை உரியவருக்குச் சொல்லமாட்டார்கள். ஊருக்கெல்லாம் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வார்கள், கனடாவுக்கு எடுத்துச் சொல்வார்கள், உரியவரிடம் மட்டும் 'ஒண்டுமில்லை' என்பார்கள். இதை அவர்கள் அன்பு என்று நம்புகிறார்கள். தொண்ணூற்றாறில் நெடுந்தீவில் எட்வேட்டின் தாய் இறந்தபோது அவர் குடல் ஒப்பரேசன் முடிந்து படுத்திருந்தார். இம்மாகுலேற்றும் யோகராஜாவும் கூடிப் பேசி மறைத்தார்கள். எழும்பி நடந்த பிறகும், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று மறைத்தார்கள். கடைசியில் கடைக்குப் பால் வாங்க வந்த முன்பின் தெரியாத ஒருவர், "அம்மாவின்ர விஷயம் கேள்விப்பட்டன், மனவருத்தம்" என்று கையைப் பிடித்தார். தாய்க்கு முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து கனகாலமாகியிருந்தது. எட்வேட் கடையைப் பூட்டிவிட்டு வந்து, இம்மாகுலேற்றை வேதாகமத்தின் மேலும் யோகராஜாவை அவருடைய சுவாமி அறைத் திருநீற்றின் மேலும் கை வைக்கச் செய்தார். இனிமேல் தனக்கு எதையும், எவ்வளவு கெட்டதாக இருந்தாலும், மறைப்பதில்லை என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். செய்யும்போது இருவருமே அழுதார்கள், அது பொய் அழுகையும் இல்லை.

இரண்டாயிரத்துப் பதினேழில் எட்வேட்டின் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். குரல் கொஞ்சம் மாறலாம் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கரகரப்பு இருந்ததை எட்வேட்டும் உணர்ந்தார், தேன் குடித்தார், மஞ்சள் போட்ட பால் குடித்தார். அந்த நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்காகப் பங்கு நடத்தும் ஒளிவிழாவில் மேடை ஏறியபோது அவருக்குப் பயம் இருந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் குரல் முழுதாக வந்தது, பழையபடி கீழே இறங்கி, பழையபடி மேலே ஏறியது. குதிரையும் வந்தது. அவரும் யோகராஜாவும் தோளோடு தோள் ஒட்டி நிற்க, அவர்களுக்கு முன்னால் வந்து நின்று கேட்டது. வீட்டுக்கு வந்ததும் எட்வேட் தொப்பியைக் கழற்றாமலேயே கட்டிலில் இருந்து, "கடவுள் என்னைக் கைவிடேல்லை" என்றார். இம்மாகுலேற் அவருடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

அறுபத்தேழாவது வயதில்தான் இசைத்தட்டு ஆசை வந்தது. அதுவரை அவர் எதையும் பதிந்து வெளியிட்டதில்லை, பாட்டு ஆளுக்கு முன்னால் பாடவேண்டியது என்று இருந்தவர். ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்த பிறகு யோகராஜாவிடம் சொன்னார்: "மச்சான், நான் போனாப் பிறகும் குதிரை வரவேணும். ஆரோ ஒருத்தர் ஒரு பட்டனை அமத்தினா அது வரவேணும். இல்லாட்டி அதுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?" யோகராஜா கிற்றாரின் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே சுருதியில் இருந்தது. பிறகு, "ஓம், செய்வம்" என்றார்.

யோகராஜாவின் மகன் சஞ்சயன் கோலியர்ஸ் வுட்டில் தன் வீட்டுக் கராஜை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தான். பதின்ம வயதிலிருந்தே தகப்பனின் நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பவன் அவன்தான். கோடை முழுவதும் எட்வேட் பஸ்ஸும் ரெயிலும் மாறி அங்கே போய்ப் பாடினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எட்வேட், அந்தப் பக்கம் யோகராஜா கிற்றாரோடு, வழிகாட்டக் கூடவே மெதுவாகப் பாடிக்கொண்டு. குதிரை கராஜ் கதவால் வந்து நடுவில் நின்றது. "பார், என்ர மணம் பிடிச்சு தேம்ஸையும் தாண்டி வந்திட்டுது" என்று எட்வேட் சிரித்தார். பாடியதைக் கேட்க விரும்பியபோதெல்லாம் சஞ்சயன், "மிக்ஸிங் முடியட்டும், அங்கிள்" என்றான். யோகராஜா, "வெளியீட்டண்டு சனத்தோட சேர்ந்து கேள், மச்சான். அதுதான் அழகு" என்றார். எட்வேட் அதை நண்பனின் அன்பென்றே எடுத்தார்.

உண்மையில் பதிந்திருந்தது வேறு. அதை ஒரு ஞாயிறு காலை, எட்வேட் பூசைக்குப் போயிருந்த நேரம், சஞ்சயன் தகப்பனோடு வந்து வால்தம்ஸ்டோ வீட்டுச் சமையலறையில் இம்மாகுலேற்றுக்குப் போட்டுக் காட்டினான். தனித்து எடுத்த எட்வேட்டின் குரல், கதவிடுக்கால் வரும் காற்றுப்போல் இருந்தது. மேலே ஏறவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, மூச்சு மட்டும் போய் வந்தது. இம்மாகுலேற் அடுப்பை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார். "உவருக்குச் சொல்லாதேங்கோ" என்றார். பிறகு யோகராஜாவைப் பார்த்து, "நீங்கள் அவரை மாதிரிப் பாடுவியள்தானே, அண்ணை" என்றார். யோகராஜா மறுத்தார், இது இசைத்தட்டு, காலத்துக்கும் நிற்கிற பொருள் என்றார். "அவர் ஆசைப்பட்டுட்டார். இதைக் கேட்டா மனுசன் செத்திடும்" என்று இம்மாகுலேற் சொன்ன பிறகு மறுக்கவில்லை. எட்வேட் வராத நாட்களில் அவர் எல்லாப் பாட்டையும் எட்வேட்டைப்போலப் பாடினார், சஞ்சயன் கணினியில் மினுக்கிச் சரிசெய்தான். அந்த நாட்களிலும் குதிரை வந்தது. எட்வேட் இல்லாமலே வந்தது. யோகராஜா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பாடினார். அது போகும்வரை திரும்பவில்லை.

வெளியீட்டு விழா நம்மவர்களின் எந்த வெளியீட்டு விழாவையும்போல நடந்தது. மங்கள விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, நயவுரை, நயவுரைக்கு மேல் இன்னொரு நயவுரை. முதற்பிரதியை எட்வேட்டின் கையிலேயே கொடுத்தார்கள். அட்டையில் தொப்பியோடு அவர், பின்னால் குதிரை. அவர் அதைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். சஞ்சயன் முதற்பாட்டைப் போட்டான். இளமையான, ஈரமான குரல் மண்டபம் முழுக்க எழும்பியது. எட்வேட் கண்ணை மூடிக்கொண்டார். மூடியிருந்த கண்ணோடு குளம்புச் சத்தத்தைக் கேட்டார், அது படியேறுவதைக் கேட்டார், கையை நீட்டினார். ஈரப் பிடரிமயிர் அவருடைய விரல்களை உரசிக்கொண்டு கடந்து போனது. கண்ணைத் திறந்தபோது குதிரை, ஓரக்கதிரையில் தலைகுனிந்து இருந்த யோகராஜாவின் தோளில் முகத்தை வைத்திருந்தது. யோகராஜா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு விம்மினார். குதிரை பாடியவரிடம்தான் போகும் என்பது மண்டபத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டை நிறுத்தவேண்டும் என்று சஞ்சயனுக்குத் தோன்றவில்லை. அது தன்பாட்டில் ஓடி முடிந்தது.

எட்வேட் எழுந்தார். பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார். ஏற்புரைக்கு அழைக்கத் தயாராக இருந்த அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார், எட்வேட் அதை வாங்கவில்லை. மனைவியிடம், "நீரும்?" என்று மட்டும் கேட்டார். இம்மாகுலேற் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். எட்வேட் தனியாக மண்டபத்தை விட்டுப் போனார். போகிற வழியில் இரு பக்கத்துக் கதிரைகளிலும் எவரும் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. இது அவருக்கு விசித்திரமாகப் பட்டது, ஏனென்றால் திகைத்தவர்கள் பார்ப்பார்கள், தெரிந்தவர்கள்தான் குனிவார்கள்.

மறுநாள் காலை யோகராஜா வால்தம்ஸ்டோவுக்கு நடந்தே வந்தார். பின்னால் குதிரையும் வந்தது. விழாவன்று அது மறையவில்லை, பாட்டு முடிந்த பிறகும் போகவில்லை, யோகராஜாவின் வீட்டு வாசலிலேயே நின்று விடியக் கண்டது. வான்ஸ்டட் புல்வெளியைத் தாண்டி, லேற்றன்ஸ்டோன் கடைத்தெருவைத் தாண்டி, சிவப்பு விளக்குகளில் ஒழுங்காக நின்று, அவர்கள் இருவரும் எட்வேட்டின் கேற்றடிக்கு வந்து சேர்ந்தார்கள். எட்வேட் கதவைத் திறந்து படியில் நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டார்.

"இசைத்தட்டுத்தான், மச்சான். இந்தக் கோடையிலதான்..."

"நான் நேற்று இரவு முழுக்க யோசிச்சனான். சனம் ஏன் குனிஞ்சது? எப்ப தொடக்கம், யோகு?"

யோகராஜா கேற்றைப் பிடித்துக்கொண்டார். "உன்ர ஒப்பரேசனுக்குப் பிறகு வந்த ஒளிவிழா. அண்டையில இருந்து."

"அண்டைக்கு நான்தானே பாடினனான்?"

"நீயும் பாடினனி. உன்ர மைக் ஓஃப்பில இருந்தது. சஞ்சயன்தான்... நான்தான் சொன்னனான் அவனுக்கு. பக்கத்தில நிண்டு நான் பாடினன். உனக்கு அது உன்ர குரல் மாதிரிக் கேட்டுது. நீ சிரிச்சாய். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

யோகராஜா றோட்டைப் பார்த்தார். "எல்லாருக்கும்" என்றார்.

எட்வேட் படியில் உட்கார்ந்தார். ஆறு வருடத்துக் கலியாணங்கள், பெருநாள்கள், பிறந்தநாள்கள் அவருக்கு முன்னால் வந்தன. கைதட்டிய கைகள், 'அங்கிள், உங்கட குரலுக்கு வயசே போகாது' என்ற மணப்பெண், தோளில் தட்டிய பங்குத் தந்தை, வாசலில் நின்று கையைப் பிடித்துக் கண் கலங்கிய கிழவர்கள். ஒருவர்கூட, ஒரேயொருவர்கூட, அவரை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊமை மைக்குக்கு முன்னால் அவர் தொப்பியைச் சரிசெய்வதை, கையை விரிப்பதை, கடைசி வரிக்குக் கண் மூடுவதை எல்லாரும் இருந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கு வந்தது துக்கமில்லை, கூச்சம். நடுத்தெருவில் உடுப்பில்லாமல் நிற்கிற கூச்சம்.

"அப்ப இவ்வளவு காலமும் குதிரை ஆரிட்டை வந்தது?" என்று கேட்டார்.

"நான் கூப்பிடேல்லை, மச்சான். சத்தியமாக் கூப்பிடேல்லை. கொண்டுவந்து விடத்தான் வந்தனான், உன்ர கேற்றுக்குள்ள விடத்தான்." அவர் கேற்றைத் திறந்து குதிரையைத் தள்ளினார். முதுகில் கைவைத்துத் தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தள்ளினார். குதிரை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு யோகராஜாவின் முகத்தையே பார்த்தது.

"திருநீறில அடிச்சுச் சத்தியம் பண்ணினனி" என்றார் எட்வேட். "நீ என்ர குரலை எடுத்ததுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. குரல் போனா ஆரும் எடுக்கலாம். போனதை எனக்குச் சொல்லியிருக்கலாமே. அது என்ர சாவு, யோகு. அதுக்கு என்னைக் கூப்பிடாமல் எல்லாரும் வந்து சாப்பிட்டுட்டுப் போட்டியள்." உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு இன்றுவரை இருவரும் பேசியதில்லை.

'கல்வேலி' நன்றாக ஓடியது. ரூற்றிங் மரக்கறிக் கடையில் பாடியது, ஈஸ்ட்ஹாம் முடிவெட்டும் கடையில் பாடியது, ரொறொன்ரோ வானொலியில் வாரம் ஒருமுறை கேட்டது. முன்பின் தெரியாதவர்கள் பஸ்ஸில் எழுந்து எட்வேட்டுக்கு இடம் கொடுத்து, உங்கள் குரல் உங்கள் குரல் என்றார்கள். "அது நான் இல்லை, யோகராஜா எண்டவர் பாடினது" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவர்கள் இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு தன்னடக்கமா என்று இன்னும் மகிழ்ந்தார்கள். மண்டபத்தில் இருந்து கண்ணால் கண்டவர்களே சில மாதங்களில், குதிரை அன்றைக்குக் கொஞ்சம் வழி தடுமாறிவிட்டது என்று பேசத் தொடங்கினார்கள். எட்வேட் எவருக்கும் உண்மையை விற்க முடியாத மனிதராகிவிட்டார்.

வீட்டில் அவர் இம்மாகுலேற்றோடு தேவைக்கு மட்டும் பேசினார். உப்பு, பூட்டு, பல்வைத்தியர், இவ்வளவுதான். "ஒருநாளைக்கு வாய் நிறையத் திட்டிப்போட்டு விடுங்கோவன்" என்று இம்மாகுலேற் கேட்டுப் பார்த்தார். கோபக்காரியோடு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தவருக்குத் திட்டத் தெரியாமலில்லை. அவர் திட்டவில்லை. "உம்மை நம்பிறதுக்கு நான் என்ன செய்யவேணும், அதைச் சொல்லும்" என்றார். உங்களுக்காகத்தான் செய்தேன் என்ற வார்த்தையை இம்மாகுலேற் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்காகவேனும் அவரைப் பாராட்டவேண்டும்.

அடுத்த வசந்தத்தில் எட்வேட் தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். தமிழர் எவருக்கும் பழக்கமில்லாத இடமாகத் தேடிப் போனார். வேலைக்கு நின்றவள் மூக்கில் வளையம் போட்ட ஆங்கிலப் பெண். முதற்பாட்டு முடிந்ததும் அவள் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, குரல் உடைந்து கிடக்கிறதே, மேல்பக்கம் ஒன்றுமே பதியவில்லையே, தொடரத்தான் வேண்டுமா என்று முகத்துக்கு நேரே கேட்டாள். எட்வேட்டின் முகம் மலர்ந்தது. நெடுங்காலத்துக்குப் பிறகு ஒருவர் தன்னோடு பேசுகிறார் என்று அவருக்குத் தோன்றியது. தொடரச் சொன்னார். குளிர்ப்பெட்டிப் பாட்டு, கோபப் பாட்டுகள், கல்வேலி எல்லாவற்றையும் அந்தக் காற்றுக் குரலால், கிற்றாரும் இல்லாமல், கடைசிவரை பாடினார். மேலே ஏறவேண்டிய இடங்களில் நிறுத்தி, அந்த இடத்தைச் சும்மா விட்டு, பிறகு இறங்கினார். கதவைத் திறந்து வைத்திருந்தார். குதிரை வரவில்லை.

அந்தத் தட்டைச் சமையலறையில் போட்டு இம்மாகுலேற்றை எதிரே உட்காரச் சொன்னார். அவர் சீலைத்துணியால் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பாட்டு எதுவும் விடாமல் கேட்டார். இடையில் தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. முடிந்ததும் எட்வேட், "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

இம்மாகுலேற்றின் வாய் பழக்கத்தில் திறந்து மூடியது. பிறகு, "நல்லாயில்லை" என்றார். "கேக்க ஏலாமல் இருக்கு. கல்வேலிப் பாட்டில பாதி கேக்கவே இல்லை."

"ஓம்" என்றார் எட்வேட். அவருக்குக் கண்ணீர் வந்தது. "ஓம். அதுதான் எனக்கும் கேட்டது." அன்று இரவு இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பிட்டுக்கு உப்புக் குறைவு என்று அவர் சொல்ல, இம்மாகுலேற் உங்களுக்குத்தான் நாக்குச் செத்துப்போச்சு என்று சண்டைக்கு வந்தார்.

குதிரை இப்போது மனோர் பார்க்கில் நிரந்தரமாக இருக்கிறது. யோகராஜா பாடுவதில்லை, கிற்றாரை மாடியில் போட்டுவிட்டார், ஆனால் அது போகவில்லை. அவர் கடைக்குப் போனால் கூடப் போகிறது, கோயிலுக்குப் போனால் வெளியில் நிற்கிறது. கவுன்சிலில் இருந்து வந்து அளந்து பார்த்து, காரைவிடச் சிறியது என்பதால் தெருவாசிகளுக்கான தரிப்பு அனுமதியில் அடக்கினார்கள். யோகராஜா அதற்குத் தண்ணீர் வைக்கிறார், மழை நாளில் சாக்கும் போர்த்துகிறார், நிமிர்ந்து அதன் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. வாழ்நாளெல்லாம் உள்ளுக்குள் ஆசைப்பட்ட ஒன்று கிடைத்தவருடைய முகம் அவருடையதில்லை. தெருவாசிகளுக்கு அது பழகிவிட்டது. நடைபாதையை மறித்துக்கொண்டு நின்றால், கொஞ்சம் தள்ளு என்று சொல்லிவிட்டுக் காத்து நிற்பார்கள்.

போன ஐப்பசியில் எட்வேட் தன்னுடைய தட்டின் பிரதி ஒன்றோடு அந்தத் தெருவுக்குப் போனார். மணியை அடிக்கவில்லை. யோகராஜா வீட்டுக் கதவின் தபால் துவாரத்தால் தட்டை உள்ளே தள்ளினார், அது விரிப்பில் விழும் சத்தம் கேட்டது. மேல்மாடித் திரை கொஞ்சம் அசைந்தது. திரும்பியபோது குதிரை நடைபாதைக்குக் குறுக்கே, பக்கத்து வீட்டு வேலிச் செடியைச் சப்பிக்கொண்டு நின்றது. எட்வேட் அதன் கிழிந்த காதுக்குப் பக்கமாகப் போனார். தெருவில் வேறு எவரும் இல்லை. கல்வேலிப் பாட்டின் இரண்டாம் சரணத்தை, முதன்முதலில் அதைக் கொண்டுவந்த அந்தச் சரணத்தை, இருக்கிற குரலால் பாடினார். முழு மனத்தோடும் பாடினார். குதிரை சப்புவதை நிறுத்தவில்லை, காதும் அசையவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு, "கொஞ்சம் தள்ளு, ராசா" என்றார். குதிரை ஓர் அடி பின்வாங்கி, தபால்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் விடுவதைப் போலவே, அவருக்கும் வழி விட்டது. அவர் தாங்ஸ் சொல்லிவிட்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.